போர்ட் திறந்தும் வெளியிலிருந்து மைன்கிராஃப்ட் சர்வருக்குள் வர முடியவில்லை: வழி என்ன?

கேள்வி (கோபிசெட்டிபாளையம்)

அனைவருக்கும் வணக்கம். கோபியிலிருந்து கவுந்தப்பாடி செல்லும் வழியில், தோட்டத்திலேயே எங்கள் வீடு இருக்கிறது. ஊர்க் கேபிள்காரர் மூலம் ஃபைபர் இணைப்பு வாங்கியிருக்கிறோம். அவர் சுவரில் மாட்டிச் சென்ற ஓஎன்யு (ஃபைபர் வந்து சேரும்) பெட்டியிலேயே வைஃபை உண்டு என்றாலும், அதன் சிக்னல் பின்கட்டு வரை எட்டாததால், அதிலிருந்து லேன் கேபிள் இழுத்துத் தனியாக ஒரு ரவுட்டரையும் வைத்திருக்கிறேன்.

என் மகனும், கோவையிலும் பொள்ளாச்சியிலும் இருக்கும் அவனுடைய அத்தை பிள்ளைகளும் சேர்ந்து விளையாடுவதற்காகப் பழைய டெஸ்க்டாப் ஒன்றில் மைன்கிராஃப்ட் ஜாவா சர்வரை நிறுவினேன். ரவுட்டரின் போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து ஒரு எண்ணுக்கு வரும் அழைப்பை உள்ளே திருப்பும்) பக்கத்தில் 25565 என்ற எண்ணை டிசிபி (தரவு அனுப்பும் முறை) என்று குறித்து, அந்தக் கணினியின் முகவரியான 192.168.0.105-க்குத் திருப்பிவிட்டேன். வீட்டுக்குள் இருக்கும் எல்லாக் கணினிகளிலும் விளையாட்டு சரியாக நடக்கிறது. ஆனால் கோவையிலிருந்து இணைய முயன்றால், நீண்ட நேரம் காத்திருந்த பிறகு நேரம் கடந்துவிட்டது என்ற செய்திதான் வருகிறது. போர்ட் சோதிக்கும் இணையதளமும் மூடியிருக்கிறது என்றே சொல்கிறது. ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் வேன் ஐபி (வெளிப்பக்க முகவரி) என்ற இடத்தில் 192.168.1.7 என்று இருக்கிறது.

இதோடு இன்னும் இரண்டு தேவைகள் இருக்கின்றன. கிணற்று மோட்டார் அறையிலும் மாட்டுக் கொட்டகையிலும் கேமரா வைத்து என்விஆர் பெட்டியில் பதிவு செய்கிறோம். வெளியூர் போகும்போது அதை கைப்பேசியில் பார்க்க வேண்டும். அதே டெஸ்க்டாப்பில் குடும்பப் புகைப்படங்களையும் சேர்த்து வைத்திருக்கிறேன். அவையும் வெளியிலிருந்து கிடைத்தால் நல்லது. மகனுடைய பிளேஸ்டேஷனில் நேட் வகை 3 என்று காட்டுவதற்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறதா என்பது தெரியவில்லை. டிஎம்இசட் என்ற வசதியைப் போட்டுவிட்டால் எல்லாம் திறந்துகொள்ளும் என்று ஒருவர் சொன்னார். விலை கூடிய ரவுட்டர் வாங்க வேண்டும் என்று இன்னொருவர் சொன்னார். எதைச் செய்வது என்று வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் (ஈரோடு)

வணக்கம். புதிய ரவுட்டருக்குச் செலவு செய்யாதீர்கள். கேள்வியின் நடுவில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, வேன் ஐபி 192.168.1.7 என்று, சிக்கல் அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது.

192.168 என்று தொடங்கும் முகவரிகளும், 10 என்று தொடங்குபவையும், 172.16 முதல் 172.31 வரை உள்ளவையும் வீடுகளுக்கும் அலுவலகங்களுக்கும் உள்ளே புழங்குவதற்காக ஒதுக்கப்பட்டவை. இவற்றை இணையத்தில் எந்த ரவுட்டரும் கடத்திச் செல்லாது. உங்கள் ரவுட்டரின் வெளிப்பக்கத்திலேயே அத்தகைய முகவரி இருக்கிறது என்றால், அதற்கு மேலே இன்னொரு ரவுட்டர் உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். கேபிள்காரர் வைத்த ஓஎன்யு பெட்டிதான் அந்த மேல் ரவுட்டர். கோவையிலிருந்து வரும் அழைப்பு முதலில் அந்தப் பெட்டியின் வாசலுக்கு வருகிறது. அங்கே அதற்கு எந்த விதியும் எழுதப்படாததால் அப்படியே கைவிடப்படுகிறது. கொடிவேரியில் தடப்பள்ளி வாய்க்காலின் தலை மதகு மூடியிருக்கும்போது வயல் மடையை மட்டும் வெட்டிவிட்டுத் தண்ணீருக்குக் காத்திருப்பதைப் போன்ற நிலை இது.

ஆகவே இனிச் செய்ய வேண்டியது ஓஎன்யு பெட்டியின் பக்கத்தைத் திறந்து, அதன் வேன் ஐபி என்ன என்று பார்ப்பதுதான். பெரும்பாலும் 192.168.1.1 என்ற முகவரியில் அது திறக்கும்; கடவுச்சொல்லைக் கேபிள்காரர் மாற்றி வைத்திருந்தால் அவரிடமே கேளுங்கள். பிறகு அதே இணைப்பில் உள்ள கணினியின் உலாவியில், உங்கள் ஐபி முகவரி இது என்று காட்டும் ஏதாவது ஓர் இணையதளத்தைத் திறந்து, இரண்டையும் ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் வாசல் உங்களுடையது. மிச்சமெல்லாம் எளிய வேலை. பெட்டியில் உள்ள முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான தொடக்கத்தோடு இருந்தாலும், 10 என்று தொடங்கினாலும், நிறுவனம் தன்னுடைய பொது முகவரி ஒன்றைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுக்கிறது என்று அறியலாம். இதற்குச் சிஜிநேட் என்று பெயர். அப்படியிருந்தால் வீட்டில் எந்தப் பெட்டியில் எந்த விதியை எழுதினாலும் பலன் கிடைக்காது, ஏனெனில் அழைப்பு நிற்குமிடம் நிறுவனத்தின் கருவியில் இருக்கிறது.

இந்தப் பகிர்வு ஏன் வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் பலர் இதைக் கேபிள்காரரின் சூழ்ச்சி என்று நினைத்து அவரோடு சண்டைக்குப் போகிறார்கள். ஐபி நான்காம் பதிப்பில் மொத்தமே ஏறத்தாழ 430 கோடி முகவரிகள்தான் உண்டு. உலகளாவிய இருப்பின் கடைசித் தொகுதிகள் 2011 பிப்ரவரியில் பிரித்துக் கொடுக்கப்பட்டன. அதே ஆண்டு ஏப்ரலில் ஆசிய பசிபிக் பகுதிக்கான பதிவகமும் கடைசித் தொகுதிக்கு வந்து கட்டுப்பாடு விதித்தது. 2012-இல் 100.64 தொகுதி இந்தப் பகிர்வுக்காகவே ஒதுக்கப்பட்டது. அதற்குப் பின்னர் வளர்ந்த நிறுவனங்களுக்கு வீட்டுக்கு ஒரு முகவரி கொடுப்பது பெருஞ்செலவு.

ஓஎன்யுவில் பொது முகவரியே இருந்தால், கேபிள்காரரிடம் அந்தப் பெட்டியை பிரிட்ஜ் மோடுக்கு மாற்றச் சொல்லுங்கள். அப்போது பெட்டி ஒளியை மின்சமிக்ஞையாக்கும் வேலையோடு நின்றுவிடும். பிபிபிஓஇ (இணைப்புக்குள் நுழையும்) பயனர் பெயரும் கடவுச்சொல்லும் உங்கள் ரவுட்டருக்கு வந்துவிடும். விலேன் எண்ணையும் (நிறுவனம் இந்த இணைப்புக்கு வைத்த வலைப்பிரிவு எண்) மறக்காமல் கேட்டு வாங்குங்கள். அது இல்லாமல் பலருக்கு இணைப்பு எழுவதே இல்லை. பிரிட்ஜ் செய்ய அவர் மறுத்தால், ஓஎன்யுவில் 25565-ஐ 192.168.1.7-க்கும், ரவுட்டரில் 192.168.0.105-க்கும் என்று இரண்டு இடங்களிலும் விதி எழுதினாலும் நடக்கும்.

பதில் (பெருந்துறை)

ஈரோட்டு நண்பர் சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. மேல் வாசல் சரியான பிறகும் வீட்டுக்குள்ளேயே இந்த அமைப்பு சறுக்கும் இடங்கள் சில இருப்பதால் அவற்றை எழுதுகிறேன்.

192.168.0.105 என்பது ரவுட்டர் அந்த நேரத்துக்குக் கொடுத்த முகவரி. மின்சாரம் போய்த் திரும்பி வந்ததும் அந்த எண் வேறொரு கைப்பேசிக்குப் போய்விடலாம்; விதி அப்போது தவறான கருவியைச் சுட்டும். ரவுட்டரின் டிஹெச்சிபி (முகவரி கொடுக்கும்) பகுதியில் முகவரி முன்பதிவு என்ற வசதி இருக்கும். டெஸ்க்டாப்பின் மேக் எண்ணை (வலையமைப்புக் கருவியின் அடையாள எண்) அதில் பதிந்து அந்த முகவரியை நிலைப்படுத்துங்கள். சர்வர் கணினியை வைஃபையில் விடாமல் கேபிளில் இணைப்பது நல்லது. அப்படி மாற்றினால் மேக் எண்ணும் மாறும் என்பதை நினைவில் வையுங்கள்.

விண்டோஸ் கணினியாக இருந்தால், ரவுட்டரை மாற்றியதும் அது அந்த வலையமைப்பைப் புதியது என்று எடுத்துக்கொண்டு பப்ளிக் வகையில் சேர்த்துவிடும். ஜாவாவுக்கு முன்பு கொடுத்த ஃபயர்வால் அனுமதி பிரைவேட் வகைக்கு மட்டும் இருந்தால், நேற்று வரை ஓடிய சர்வர் இன்று ஓடாது. ஃபயர்வாலை முழுவதுமாக அணைத்துவிடாமல் வலையமைப்பின் வகையை மாற்றுங்கள்.

பிழைச் செய்தியையே கவனித்துப் படித்தாலும் பாதி வேலை முடியும். நேரம் கடந்துவிட்டது என்று வந்தால், பெரும்பாலும் அழைப்பு வழியில் எங்கோ தொலைந்திருக்கிறது. இணைப்பு மறுக்கப்பட்டது என்று உடனடியாக வந்தால், அழைப்பு ஏதோ ஒரு கருவியைச் சென்றடைந்தது, ஆனால் அங்கே அந்தப் போர்ட்டில் கேட்டுக்கொண்டிருக்கும் நிரல் இல்லை. உங்களுக்கு வருவது முதல் வகை. ஆகவே ஈரோட்டு நண்பரின் கணிப்பு பொருந்துகிறது.

சோதிக்கும் முறையிலும் கவனம் தேவை. சர்வர் ஓடாத நேரத்தில் போர்ட் சோதனைத் தளம் எப்போதும் மூடியிருப்பதாகவே சொல்லும். வீட்டு வைஃபையில் இருந்துகொண்டே வீட்டின் பொது முகவரியை அழைத்தால் பல ரவுட்டர்கள் அந்த அழைப்பைத் திருப்பி உள்ளே விடுவதில்லை. வெளியே எல்லாம் சரியாக இருந்தும் தோல்வி போலத் தெரியும். கைப்பேசியின் டேட்டாவை ஹாட்ஸ்பாட் ஆக்கி, வேறொரு மடிக்கணினியிலிருந்து சோதிப்பதே நம்பத் தகுந்தது. மேலும் இந்தத் தளங்கள் பெரும்பாலும் டிசிபியை மட்டுமே சோதிப்பவை. மைன்கிராஃப்ட் ஜாவாவுக்கு டிசிபி 25565 போதும். பிள்ளைகள் கைப்பேசியில் விளையாடும் பெட்ராக் பதிப்பானால் அது யுடிபி என்ற இன்னொரு முறையில் 19132. அதை இந்தத் தளங்களால் உறுதியாகச் சொல்ல முடியாது.

பிளேஸ்டேஷனில் வகை 3 என்பது, விளையாடுபவர்கள் ஒருவரோடு ஒருவர் நேரடியாக இணைய முடியாத நிலையைக் குறிக்கிறது. குரல் அரட்டை அறுபடுவதும், சிலருடைய ஆட்டத்தில் சேர முடியாமல் போவதும் அதனால்தான். இரட்டை ரவுட்டர் இதற்கு அடிக்கடி காரணமாகிறது. வகை 2 கிடைத்தால் போதுமானது. வகை 1 என்பது ரவுட்டரே இல்லாமல் நேராக இணைத்தால் வருவது, அதைத் துரத்த வேண்டியதில்லை.

கேள்வி கேட்டவர் (கோபிசெட்டிபாளையம்)

இருவருக்கும் நன்றி. கேபிள்காரர் வீட்டுக்கு வந்து ஓஎன்யு பக்கத்தைத் திறந்து காட்டினார். அதன் வேன் ஐபி 100.72 என்று தொடங்குகிறது. இணையதளம் காட்டும் முகவரி முற்றிலும் வேறாக இருக்கிறது. ஆகவே சிஜிநேட் என்பது உறுதியாகிவிட்டது. நிலையான ஐபி வேண்டுமானால் ஆண்டுக்குத் தனிக் கட்டணம் உண்டு என்றும், மேலே கேட்டுச் சொல்வதாகவும் கூறினார். அதைக் கட்டாமல் வழி இருக்கிறதா? கட்டுவதாக இருந்தால் கேமராவையும் புகைப்படங்களையும் அதிலேயே சேர்த்துத் திறந்துவிடலாமா?

பதில் (கோவை, சரவணம்பட்டி)

அண்ணா, கேபிள்காரரிடம் நிலையான ஐபி என்று கேட்பதற்கு முன்னால், மாறும் பொது ஐபி கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள். உங்களுக்குத் தேவை பொது முகவரி. அது நிலையாக இருக்க வேண்டும் என்பது கட்டாயமில்லை. முகவரி மாறும்போதெல்லாம் ஒரு பெயரோடு அதைப் புதுப்பித்து இணைக்கும் டைனமிக் டிஎன்எஸ் சேவையைப் பல ரவுட்டர்களிலேயே அமைக்கலாம். சில நிறுவனங்கள் கேட்டவுடன் சிஜிநேட்டிலிருந்து எடுத்துவிடுகின்றன. சில தருவதே இல்லை.

கட்டணமில்லாத வழிகளில் நான் முதலில் சொல்வது டெயில்ஸ்கேல் போன்ற மெய்நிகர் தனி வலையமைப்பு (விபிஎன்). அது ஒயர்கார்டு என்ற நெறிமுறையின் மேல் இயங்குகிறது. வீட்டு டெஸ்க்டாப்பிலும், கோவை, பொள்ளாச்சிப் பிள்ளைகளின் கணினிகளிலும் அதை நிறுவினால் எல்லாரும் ஒரே வீட்டு வலையமைப்பில் இருப்பது போல ஆகிவிடும். இரு முனைகளும் உள்ளிருந்து வெளியே அழைத்து நடுவில் சந்தித்துக்கொள்வதால் எந்தப் போர்ட்டையும் திறக்க வேண்டியதில்லை. சிஜிநேட் இருந்தாலும் பெரும்பாலும் நேரடி இணைப்பே அமைகிறது. நேரடியாக அமையாத இடங்களில் இடைச் சர்வர் வழியாகச் செல்லும். அப்போது தாமதம் கூடும், மைன்கிராஃப்டுக்கு அது பொறுத்துக்கொள்ளத் தக்கதுதான். டெயில்ஸ்கேல் கொடுக்கும் முகவரிகளும் 100 என்றுதான் தொடங்கும். அதை நிறுவனத்தின் முகவரியோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்.

இதன் குறை, விளையாட வரும் ஒவ்வொருவரும் அந்த நிரலை நிறுவ வேண்டும் என்பதே. உறவுப் பிள்ளைகள் நான்கைந்து பேர் என்றால் இது குறையே அல்ல. பள்ளி நண்பர்கள் எல்லாரும் வருவார்கள் என்றால் சிரமம். அப்போது பெங்களூரு, சென்னை, மும்பை போன்ற இடங்களில் உள்ள தரவு மையத்தில் ஒரு சிறிய மெய்நிகர் சர்வரை வாடகைக்கு எடுத்து, அதன் பொது முகவரியில் வரும் அழைப்பை ஒயர்கார்டு சுரங்கம் வழியாக வீட்டுக்குத் திருப்பலாம். ஆனால் அந்த மாத வாடகையையும் நிலையான ஐபியின் ஆண்டுக் கட்டணத்தையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். பல ஊர்களில் ஐபி கட்டணமே மலிவாக முடிகிறது.

ஐபி ஆறாம் பதிப்பையும் பார்த்துவிடுங்கள். உங்கள் நிறுவனம் அதைக் கொடுத்தால் டெஸ்க்டாப்புக்கே தனிப் பொது முகவரி இருக்கும். அங்கே போர்ட் திருப்புதல் என்ற பேச்சே கிடையாது, ரவுட்டர் ஃபயர்வாலில் அந்தக் கணினியின் 25565-க்கு உள்வரும் அனுமதி கொடுத்தால் போதும். இந்தியக் கைப்பேசி இணைப்புகளில் ஆறாம் பதிப்பு பரவலாக இருக்கிறது. வீட்டு ஃபைபரில் ஊருக்கு ஊர் வேறுபடுகிறது. இணைய வரும் ஒவ்வொரு வீட்டிலும் அது இருந்தால்தான் பயன் என்பதால், இதை மட்டும் நம்பித் திட்டமிட வேண்டாம்.

பதில் (திருப்பூர்)

கேமராவைப் பற்றிய கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். பனியன் கம்பெனிகளுக்குக் கேமராவும் வலையமைப்பும் அமைத்துக் கொடுப்பது என் தொழில். நிலையான ஐபி வாங்கினாலும் என்விஆர் பெட்டியின் போர்ட்டை இணையத்துக்குத் திறக்காதீர்கள் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

2016-இல் மிராய் என்ற தீநிரல் உலகெங்கும் உள்ள கேமராக்கள், பதிவுப் பெட்டிகள், வீட்டு ரவுட்டர்கள் ஆகியவற்றை லட்சக்கணக்கில் கைப்பற்றியது. அது பெரிய தந்திரம் எதையும் செய்யவில்லை. தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொற்களின் சிறு பட்டியல் ஒன்றை வைத்துக்கொண்டு தொலைவிலிருந்து கருவிக்குள் நுழைய உதவும் டெல்நெட் போர்ட்டுகளைத் தட்டிப் பார்த்தது, அவ்வளவுதான். அந்த ஆண்டு அக்டோபரில் இணையதளப் பெயர்களை முகவரிகளாக்கும் டிஎன்எஸ் சேவை நிறுவனம் ஒன்றின் மேல் அந்தப் பெட்டிகளெல்லாம் சேர்ந்து பாய்ந்ததில் பெரிய இணையதளங்கள் பல மணிக்கணக்கில் முடங்கின. மிராயை எழுதிய இளைஞர்கள் மைன்கிராஃப்ட் சர்வர்களைத் தாக்குவதற்கும் அதைப் பயன்படுத்தினார்கள் என்பது, இந்தக் கேள்வியைக் கேட்டவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய செய்தி. இன்றும் இணையத்தில் ஒரு போர்ட்டைத் திறந்த சிறிது நேரத்திலேயே எங்கிருந்தோ வரும் தானியங்கிகள் அதைத் தட்டத் தொடங்குகின்றன. கேமராப் பெட்டிகளின் மென்பொருளைப் பெரும்பாலானோர் வாங்கிய நாளுக்குப் பிறகு புதுப்பிப்பதே இல்லை. மாட்டுக் கொட்டகையை நீங்கள் பார்க்கத் திறந்த வழியில் யாரோ உங்கள் வாசலைப் பார்க்கக் கூடாது.

டிஎம்இசட் வேண்டாம். அது ஒரு கருவியின் 65,535 போர்ட்டுகளையும், டிசிபி, யுடிபி இரண்டிலும், ஒரே அடியாகத் திறந்துவிடுகிறது. உங்கள் டெஸ்க்டாப்பில் குடும்பப் புகைப்படங்கள் இருக்கின்றன. விண்டோஸ் கோப்புப் பகிர்வின் 445-ஆம் போர்ட் வழியாகத்தான் 2017 மே மாதம் வான்னாக்ரை பரவிக் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. ரிமோட் டெஸ்க்டாப்பின் 3389-ஐயும் அதே காரணத்தால் ஒருபோதும் நேரடியாகத் திறக்க வேண்டாம்.

நான் பின்பற்றும் முறை இதுதான். அறிமுகமில்லாதவர்களும் வர வேண்டிய சேவைக்கு மட்டும் போர்ட் திறக்க வேண்டும். வீட்டார் மட்டும் பார்க்கும் எதுவும் விபிஎன் வழியாகவே போக வேண்டும். ஆகவே கேமராவும் புகைப்படங்களும் டெயில்ஸ்கேலில் இருக்கட்டும். என்விஆர் பெட்டியில் அதை நிறுவ முடியாது. ஆனால் டெஸ்க்டாப்பை இடைவழியாக அமைத்தால், கைப்பேசியிலிருந்து அதன் வழியே என்விஆரின் வீட்டு முகவரியைத் திறக்கலாம். பொது ஐபி வாங்கினால் உங்கள் ரவுட்டரிலேயே ஒயர்கார்டு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் யுடிபி 51820 ஒன்றே போதும். சாவி இல்லாதவன் தட்டினால் அது பதிலே சொல்லாது என்பதால், தேடி வருபவனுக்கு அங்கே ஒரு வாசல் இருப்பதே தெரியாது.

மைன்கிராஃப்டுக்குப் போர்ட் திறப்பதாக இருந்தால், அனுமதிப் பட்டியலை இயக்கிப் பிள்ளைகளின் பெயர்களை மட்டும் சேருங்கள். ஆன்லைன் மோடை அணைக்காதீர்கள். அணைத்தால் எவரும் எந்தப் பெயரையும் சூடிக்கொண்டு வரலாம், பட்டியல் வெறும் தாளாகிவிடும். சர்வரைப் பழைய பதிப்பில் விட்டுவைக்காதீர்கள். 2021 டிசம்பரில் வெளியான லாக்4ஜே (பதிவேடு எழுதும் ஜாவா நிரல்) குறைபாட்டில், அரட்டையில் ஒரு வரியைத் தட்டச்சு செய்தே சர்வர் கணினியில் தீநிரலை ஓட்ட முடிந்தது, 1.18.1 பதிப்பில்தான் அது சரிசெய்யப்பட்டது. சர்வரை நிர்வாகிக் கணக்கில் ஓட்டாமல் தனிப் பயனர் கணக்கில் ஓட்டுங்கள். புகைப்படங்களின் ஒரு படியை, கணினியோடு எப்போதும் இணைந்திராத வெளி ஹார்ட் டிஸ்க்கில் வைத்திருங்கள்.

கேள்வி கேட்டவர் (கோபிசெட்டிபாளையம்)

விரிவான பதில்களுக்கு மிக்க நன்றி. டெயில்ஸ்கேலை முதலில் அமைத்தேன். கோவையிலிருந்தும் பொள்ளாச்சியிலிருந்தும் பிள்ளைகள் உள்ளே வந்து விளையாடுகிறார்கள். கைப்பேசியின் டேட்டாவில் மோட்டார் அறைக் கேமராவும் தெரிகிறது. ரவுட்டரில் எழுதிய பழைய விதியை நீக்கிவிட்டேன். பொது ஐபிக்கு இப்போதைக்கு அவசரமில்லை என்று கேபிள்காரரிடம் சொல்லிவிட்டேன். பிளேஸ்டேஷன் மட்டும் இன்னும் வகை 3 என்றே காட்டுகிறது. அதற்கு பிரிட்ஜ் மோட் உதவுமா?

பதில் (ஈரோடு)

மகிழ்ச்சி. பிரிட்ஜ் மோட் செய்தால் வீட்டுக்குள் இருக்கும் ஒரு அடுக்கு நீங்கும். நிறுவனத்தின் அடுக்கு இருக்கவே செய்யும். இருந்தாலும் வகை 2 வருவதற்கு வாய்ப்பு உண்டு. அதற்கு முன் எளிய சோதனை ஒன்றைச் செய்து பாருங்கள். பிளேஸ்டேஷனை உங்கள் ரவுட்டரிலிருந்து கழற்றி ஓஎன்யுவின் லேன் துளையில் நேராக இணைத்து, இணைப்புச் சோதனையை ஓட்டுங்கள். வகை 2 வந்தால் பிரிட்ஜ் கேளுங்கள், அல்லது உங்கள் ரவுட்டரை அக்சஸ் பாயிண்ட் மோடுக்கு மாற்றி முகவரி கொடுக்கும் வேலையை ஓஎன்யுவிடமே விட்டுவிடுங்கள். வைஃபை பின்கட்டு வரை எட்டுவதில் எந்தக் குறையும் வராது. அப்படி மாற்றினால் டெஸ்க்டாப்பின் முகவரியும் என்விஆரின் முகவரியும் 192.168.1 வரிசைக்கு வந்துவிடும். டெயில்ஸ்கேலில் எழுதிய இடைவழி முகவரியையும் அதற்கேற்பத் திருத்துங்கள், இல்லாவிட்டால் கேமரா நின்றுவிடும். நேராக இணைத்தும் வகை 3 தான் என்றால், ஓஎன்யுவில் யூபிஎன்பி (கருவிகளே போர்ட்டைத் திறந்துகொள்ளும் வசதி) அணைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, அதைச் சோதனைக்காக மட்டும் இயக்கிப் பாருங்கள். அதற்கும் மாறவில்லை என்றால் காரணம் நிறுவனத்தின் பகிர்வுதான். பொது ஐபி வாங்கும் நாள் வரை அதை விட்டுவிடலாம்.